ஆகிய இருவரின்

பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் ஜிப்ரி கேட்டிருந்த சட்டப் புத்தகங்கள் மேசைக்கு வந்தபோது, கேதீஸ்வரி கைப்பையிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தாள். அதில் புதிதாக வாசிக்க எதுவும் இல்லை. நான்கு நாட்களாக அவள் அதைத்தான் வாசிக்கிறாள்.

'பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி ஆழ்வாப்பிள்ளை சிவக்கொழுந்து காலமானார். அன்னார் காலஞ்சென்ற ஆழ்வாப்பிள்ளையின் அன்பு மனைவியும், செந்தூரன், கஜானன் (கனடா) ஆகிய இருவரின் பாசமிகு தாயாரும்...'

சிவக்கொழுந்துக்குப் பிள்ளைகள் மூன்று பேர். செந்தூரனுக்கும் கஜானனுக்கும் நடுவில் பிறந்தவள் கேதீஸ்வரி. யுத்தம் முடிந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தபோது, அங்கே மொழிபெயர்ப்பாளனாக இருந்த ஜிப்ரியை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் யாழ்ப்பாணத்து முஸ்லிம். சிறுவனாக இருந்தபோது மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவன். இப்போது ஆங்கில ஆசிரியர். இருவரும் கொழும்புத்துறையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

செத்தவீட்டுக்கு அவள் போகாமல் இல்லை. மச்சாள் முறையான ஒருத்தி தொலைபேசியில் சொன்னதும் முதல் பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போனாள். யாரும் மறிக்கவில்லை. தாயின் காலைப் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களோடு சேர்ந்து அழுதாள். செந்தூரன் அண்ணை தன் கையாலேயே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மனம் கொஞ்சம் இளகித்தான் வீடு திரும்பினாள். அடுத்த நாள் பத்திரிகையில் இதைப் பார்த்ததும், அந்தத் தேநீரைக் குடித்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

முப்பத்தோராம் நாளுக்கு அதே பத்திரிகையில் நினைவு அறிவித்தல் ஒன்று வரும். வழக்கமாக எல்லாருக்கும் வருவதுதான். அதில் தாயின் மகளாகத் தன் பெயர் இருக்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அண்ணையிடம் கேட்டுப் பார்த்தாள். யோசிப்போம் என்றவர் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. ஜிப்ரிக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர், குடும்பத்துக்குள் உள்ளதைச் சட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் சேர் என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் ஜிப்ரியை நூலகத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு பத்திரிகை உண்மையில்லாத ஒன்றை அச்சிட்டால் அதைத் திருத்தும்படி கேட்க ஒரு வழி இருக்கத்தானே வேண்டும் என்று அவன் நினைத்தான். பாடசாலை முடிந்ததும் அவன் வருவான். அவள் அதற்கு முன்பே வந்து மேசை பிடித்து வைத்திருப்பாள்.

புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பழைய வழக்குத் தீர்ப்புகளின் தொகுதிகள், தடித்த கறுப்பு அட்டைகள், தொட்டால் விரலில் ஒட்டும் பழுப்புத் தூள். ஜிப்ரி ஒரு பந்தியை வாசிப்பான், மேலே விட்டத்தைப் பார்ப்பான், பிறகு தணிந்த குரலில் தமிழில் சொல்வான். அவதூறு ஒரு காலத்தில் குற்றமாகவும் இருந்ததாம். அந்தப் பிரிவுகளை நீக்கிவிட்டார்கள். இப்போது நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அதற்கு ரோமன் டச்சுச் சட்டம். ஆனால் எழுதப்பட்டது ஒருவரை மற்றவர்கள் பார்வையில் தாழ்த்தியிருக்கவேண்டும்.

"என்னைப் பெறேல்லை எண்டு போட்டிருக்கினம். அது தாழ்த்தினது இல்லையோ?" என்று கேட்டாள் கேதீஸ்வரி.

 நீதிபதி ஒருவர் இந்தத் துண்டைக் கையில் எடுத்து வாசிப்பதாக ஜிப்ரி நினைத்துப் பார்த்தான். இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய் இறந்துபோனாள் என்பதில் யாருக்கு என்ன அவமானம் என்றுதான் அவர் கேட்பார். அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், இன்னொரு தொகுதியையும் பார்ப்போம் என்றான்.

அறிவித்தல் ஓர் இணையத்தளத்திலும் கிடந்தது. தாயின் பெயரைத் தேடினால் முதலில் வருவது அதுதான். அதனால் இணையத்தில் வருபவற்றுக்கென்று புதிதாக வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் வாங்கி வாசித்தான். அதில் தங்களுக்கு உதவக்கூடிய எதையும் அவனால் காணமுடியவில்லை. மரண அறிவித்தலில் ஒரு மகளை விட்டுவிடுவார்கள் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள் என்று சொன்னான். "அவைக்குத் தங்கச்சிமார் இல்லைப் போலை" என்றாள் அவள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டது அந்த ஒரு தடவைதான்.

ஆங்கிலம் ஓடாத நேரங்களில் அவள் பத்திரிகைப் பகுதிக்குப் போய், கட்டிவைத்த பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டத் தொடங்கினாள். அது அவளாகவே கண்டுபிடித்த வழி. சட்டம் என்ன சொல்கிறதென்று நீங்கள் பாருங்கள், பத்திரிகைக்காரர் இதுவரை என்ன செய்திருக்கிறார்கள் என்று நான் பார்க்கிறேன் என்றாள். மரண அறிவித்தல்கள் வரும் பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் ஒரு மாதத்தைப் பார்த்து முடிக்கவே மத்தியானம் போய்விடும். யார் யாருடைய அம்மா, யார் யாருடைய மாமா என்று வாசித்துக்கொண்டே போவாள். தெரிந்த பெயர் வந்தால் நின்றுவிடுவாள். அங்கே வேலை செய்த றோஸ் ஒருநாள் தொகுதிகளை இறக்கி வைத்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் உங்கை என்ன சோதினைக்குப் படிக்கிறியள்?" என்று கேட்டாள். மகளாகப் பாஸ் பண்ணுவதற்கு என்று கேதீஸ்வரி சொன்னது அவளுக்கு விளங்கவில்லை.

தேடியது கிடைத்தது. 'திருத்தம்' என்ற தலைப்பில், பெட்டி கட்டி, சின்ன எழுத்தில். ஒன்றில் பேரப்பிள்ளையின் பெயர் பிழையாக வந்துவிட்டது. ஒன்றில் இறந்தவரின் ஊர் மாறிவிட்டது. இன்னொன்றில் மருமகன் ஒருவரின் பெயர் தவறுதலாக விடுபட்டதற்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அந்த மருமகன் வீட்டில் பெரிய குழப்பம் பண்ணியிருப்பார் என்று கேதீஸ்வரி ஜிப்ரியின் காதுக்குள் சொன்னாள். எங்கள் ஆட்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லி அன்றைக்கே அடக்கிவிடுவோம் என்று அவன் சொன்னான். பக்கத்து மேசைப் பெரியவர் தொண்டையைச் செருமினார். இருவரும் பாடசாலைப் பிள்ளைகள்போல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதே வாரத்தில் ஜிப்ரிக்கும் ஒரு பிடி கிடைத்தது. நாட்டின் பத்திரிகை ஆசிரியர்கள் தங்களுக்கென்று ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை அது. முக்கியமான ஒரு தகவல் பிழையாக வந்துவிட்டதென்று தெரிந்தால் அதைத் தாமதமில்லாமல், கண்ணில் படும்படி திருத்தவேண்டும் என்று அதில் இருந்தது. செய்திக்குச் சொன்னது காசு கொடுத்துப் போடும் அறிவித்தலுக்கும் பொருந்துமா என்பது அவனுக்கு நிச்சயமில்லை. ஆனாலும் பொருந்தும் என்று வாதாடலாம். அவன் அந்தப் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்தான். பிறகு பத்திரிகைத் துண்டை அவளிடம் வாங்கி, 'ஆகிய இருவரின்' என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டான்.

"உதுதான் எங்கடை வழக்கு" என்றான். "பேரை விட்டது வேறை, இருவர் எண்டு சொன்னது வேறை. விட்டதுக்கு ஆரையும் பிடிக்கேலாது கேதீஸ். எழுதாததுக்கு ஒரு சட்டமும் பதில் சொல்லாது. ஆனால் இருவர் எண்டு எழுதினது பொய். பொய்யைத் திருத்தச் சொல்லலாம்."

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மேசைக்கு அடியில் அவன் கையைத் தேடிப் பிடித்தாள்.

பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரப் பகுதிக்குப் பொறுப்பாக வாகீசன் என்பவர் இருந்தார். மரியாதையான மனிதர். முதலில் எல்லாரும் சொல்வதையே சொன்னார். தந்தவர்கள் தந்ததைத்தான் போடுகிறோம், மாற்றவேண்டுமென்றால் தந்தவர்கள்தான் வரவேண்டும். ஜிப்ரி எழுதிக் கொண்டுபோன கடிதத்தையும், நடத்தைக் கோவையின் பிரதியையும், கேதீஸ்வரியின் பிறப்புச் சான்றிதழையும், பழைய திருத்தங்களின் பிரதிகளையும் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான். வாகீசன் எல்லாவற்றையும் வாசித்தார். தங்கள் பத்திரிகையிலேயே வந்த பழைய திருத்தத்தைப் பார்த்ததும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விடுபட்ட பெயரென்றால் தந்தவர்கள் கேட்காமல் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது, ஆனால் எண்ணிக்கை பிழையென்பது வேறு விஷயம் என்று அவர் ஒத்துக்கொண்டார். செந்தூரனைக் கூப்பிட்டுக் கதைப்பதாகவும், அவர் தானாகத் திருத்தாவிட்டால் பத்திரிகையே திருத்தம் போடும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் கேதீஸ்வரி வீதியோரத்தில் நின்றே அழுதாள். ஜிப்ரி சோடா வாங்கிக் கொடுத்தான். தன் பாடசாலையில் எந்தப் பிள்ளையும் தன் ஆங்கிலத்தால் இவ்வளவு பயன் பெற்றதில்லை என்று நினைத்தபோது அவனுக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகும் அவர்கள் நூலகத்துக்குப் போனார்கள். தேவை இல்லைத்தான். பத்திரிகைக்காரர் மனம் மாறினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அப்படி இருந்த ஒரு பிற்பகலில் அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. அண்ணை என்று சைகையால் காட்டிவிட்டு அவள் வெளியே போனாள். செந்தூரன் நூலக வாசலுக்கே வந்திருந்தார். ஜன்னல் வழியாக ஜிப்ரிக்கு இருவரும் தெரிந்தார்கள். மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமல் அண்ணன் கதைத்தார். தங்கை தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். இடையில் ஒருமுறை நிமிர்ந்து ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு அவள் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னாள். அண்ணை சத்தம் போடவில்லை. அம்மாவுடைய பெயரைப் பத்திரிகைக் கந்தோரில் இழுக்காதே என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். தாரிகாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை பகுதி வெளிநாட்டில், அவர்கள் எல்லா அறிவித்தல்களையும் வாசிக்கிறவர்கள். தாரிகா செந்தூரனின் ஒரே மகள்.

"வீட்டுக்கு வா எண்டார், ஆர் மறிச்சது எண்டு கேட்டார். பேப்பர் எண்டது வேறையாம்" என்று சொல்லிவிட்டு, "முப்பத்தொண்டுக்கு என்ரை பேர் வரும். பிள்ளையள் மூண்டு பேர் எண்டே போடுவினமாம்" என்றாள்.

ஜிப்ரிக்கு உண்மையிலேயே சந்தோஷம் வந்தது. ஆனால் அவள் முகத்தில் அது இல்லை. அப்போதுதான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

"மருமக்கள்?"

அவள் விரித்திருந்த பத்திரிகையின் ஓரத்தை மடித்தாள், நீவினாள், மறுபடி மடித்தாள்.

"உங்கடை பேர் இல்லாமல்" என்றாள். "அவர் அதுக்குத்தான் ஓம் எண்டவர். அதோடை நாங்கள் குடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கவேணுமாம்."

நூலகம் மூடும் நேரம்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். ஜிப்ரி முன்னால் இருந்த தொகுதியை வாசிப்பதுபோல் பக்கம் புரட்டினான். அறிவித்தல் இனி எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்தது. மூவரின் தாயார் என்று இருக்கும், அது உண்மை. மருமக்கள் என்ற இடத்தில் செந்தூரனின் மனைவி பெயரும் கஜானனின் மனைவி பெயரும் இருக்கும், அதுவும் உண்மை. எத்தனை மருமக்கள் என்று யாரும் எண்ணிக்கை போடமாட்டார்கள். அண்ணன் இப்போது விவரம் தெரிந்தவர். எழுதாததுக்கு ஒரு சட்டமும் பதில் சொல்லாது என்று இதே மேசையில் இருந்து சொன்னவன் அவன்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் கோபமாக எதுவும் சொல்லவில்லை. அவள் அடுப்படியில் நின்று வெங்காயம் வெட்டினாள். அவன் கதவில் சாய்ந்து நின்றான். சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னான்.

"வாப்பா மவுத்தான நேரம் புத்தளத்திலை பள்ளியிலை அறிவிச்சது நினைவிருக்கோ? கேதீஸ்வரியின்ரை மாமனாரும் எண்டு சொல்லித்தான் அறிவிச்சவை. உம்மடை பேரை முஸ்லிம் பேரா மாத்திச் சொல்லுவம் எண்டு பெரியப்பா யாக்கூப் கேட்டவர். நான் விடேல்லை."

"தெரியும்" என்றாள் அவள் திரும்பாமல். கத்தி நின்றிருந்தது. "வேண்டாம் எண்டு அண்ணைக்கு இப்பவே சொல்லட்டே? சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நான் சொல்லிப்போடுவன்."

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஓம், சொல்லும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அந்த நிமிடமே தொலைபேசியை எடுப்பாள். பத்திரிகை தானாகவே ஒரு திருத்தம் போடும், சின்ன எழுத்தில், பெட்டி கட்டி. அண்ணன் வீட்டுக் கதவு அதோடு மூடும். முப்பத்தோராம் நாளுக்கு அவள் இந்த வீட்டிலேயே இருப்பாள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு வருடமும் தாயின் திவசத்தன்று அவள் இப்படி வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

"போடச் சொல்லும்" என்றான். "எனக்கு உந்தப் பேப்பர்ப் பேர் என்னத்துக்கு?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சொன்னதை நம்பவேண்டும்போல் அவளுக்கு இருந்தது என்பதை அவன் கண்டான். நம்பினாள்.

கடிதத்தை எழுதியவன் அவன் என்பதால் திரும்பப் பெறவேண்டியவனும் அவனே. வாகீசன் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். இந்த அறிவித்தல் தொடர்பாகத் தங்களுக்கு இனி எந்த முறைப்பாடும் இல்லை என்று ஜிப்ரி தன் அழகான கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டான். கேதீஸ்வரியும் ஒப்பமிட்டாள். நல்ல முடிவு சேர், எல்லாருக்கும் நல்லது என்று வாகீசன் எழுந்து கை கொடுத்தார். புதிய அறிவித்தலின் வரைவைப் பார்க்க விருப்பமா என்று கேட்டார். கேதீஸ்வரி பார்க்கிறேன் என்றாள். ஜிப்ரி வெளியே போய் மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

முப்பத்தோராம் நாள் காலையில் அவளைப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். அவள் வெள்ளையில் சாம்பல் கரை போட்ட சேலை உடுத்தியிருந்தாள். பஸ் ஏறும் முன் கடையில் அந்தப் பத்திரிகையில் நான்கைந்து பிரதிகள் வாங்கினாள். ஒன்றை விரித்து, நின்றபடியே வாசித்தாள். அவளுடைய உதடுகள் தன் பெயருக்கு வந்தபோது அசைந்ததை அவன் பார்த்தான். பத்திரிகையை அவனிடம் நீட்டலாமா என்று ஒரு கணம் யோசித்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். கெதியாய் வந்துவிடுகிறேன் என்றாள். அவசரமில்லை, இருந்து எல்லாம் செய்துவிட்டு வாரும் என்றான் அவன்.

அன்று பாடசாலை விடுமுறை. வீட்டில் தனியாக இருக்க மனமில்லாமல் அவன் நூலகத்துக்குத்தான் போனான். அன்றைய பத்திரிகையை அங்கே வாசித்தான். தாயின் படம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவன் சிவக்கொழுந்தை நேரில் கண்டதில்லை. கேதீஸ்வரியின் நெற்றி அப்படியே தாயிடமிருந்து வந்தது என்பதை அப்போதுதான் கவனித்தான். செந்தூரன், கேதீஸ்வரி, கஜானன் ஆகியோரின் பாசமிகு தாயாரும். ஒவ்வொரு வரியாக, பாடசாலையில் கட்டுரை திருத்துவதுபோல் பார்த்தான். பிழை எதுவும் இல்லை. பக்கத்தில் யாரோ அந்தப் பத்திரிகைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். கொடுத்துவிட்டு எழுந்தான்.

கேதீஸ்வரி பின்னேரமே வந்துவிட்டாள். இருட்டின பிறகுதான் வருவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். கையில் வாழையிலையில் சுற்றிய சாப்பாட்டுப் பார்சல் இருந்தது. அண்ணிதான் கட்டித் தந்ததாம், சேருக்கும் கொடு என்று சொல்லித் தந்ததாம். மேசையில் வைத்தாள். சேலையை மாற்றாமலே கதிரையில் உட்கார்ந்தாள்.

எல்லாம் நன்றாக நடந்ததா என்று கேட்டான். நடந்தது என்றாள். ஐயர் சொன்னபடி அண்ணை செய்தார், அவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஊராட்கள் பலர் பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். தூரத்துச் சொந்தக்காரப் பெண்கள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

"நல்லதுதானே" என்றான் ஜிப்ரி.

"எனக்காக அழுதவ." அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பேப்பரிலை என்ரை பேர் தனியக் கிடந்ததாலை, நீங்கள் விட்டிட்டுப் போட்டியள் எண்டு நினைச்சிருக்கினம். வந்த பொம்பிளையள் எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவை. உப்பிடித்தான் முடியும் எண்டு அப்பவே தெரியும், இப்பவாவது தாய் வீட்டுக்கு வந்து சேந்தாளே எண்டு சொல்லிச்சினம்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு கடலோரமாகப் போனார்கள். ஜிப்ரி போய் வாசல் கதவைச் சாத்தினான்.

"நீர் என்ன சொன்னீர்?"

"அண்ணை பக்கத்திலை நிண்டவர். தாரிகாவின்ரை மாப்பிள்ளை ஆக்களிலை இஞ்சை இருக்கிறவையும் வந்திருந்தவை." அவள் குரல் மிகத் தாழ்ந்தது. "நான் சோறு போட்டுக்கொண்டு நிண்டன். கேக்காத மாதிரிப் போட்டுக்கொண்டே நிண்டன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் பக்கத்தில் போய் இருந்திருப்பான். அவன் அடுப்படிக்குப் போய் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள் எடுத்து வந்து, பார்சலை அவிழ்த்துச் சோற்றையும் கறிகளையும் இரண்டாகப் பகிர்ந்தான். ஒரு கோப்பையை அவள் பக்கம் தள்ளினான்.

"கோவமோ?" என்று அவள் கேட்டாள்.

"பசி" என்றான்.

அவள் கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவன் சோற்றில் பருப்பைக் குழைத்தான், கத்தரிக்காயைச் சேர்த்தான், மறுபடி குழைத்தான். சோறு நன்றாகவே ஆறியிருந்தது. வாய்க்குக் கொண்டுபோகாமல் அவன் குழைத்துக்கொண்டே இருப்பதை அவள் பார்த்தாள். பார்த்ததை அவனும் கண்டான்.